கிரெட்சனுக்காகச் செய்த ஸ்டஃபிங்

ஷெபாய்கன், விஸ்கான்சின்
வெள்ளிக்கிழமை

அன்பும் மரியாதையும் உள்ள ஆர்டிஸ் அக்காவுக்கு,

தம்பி வெண்டல் எழுதுவது. இங்கே பனி, நான் நலம். அங்கே அரிசோனாவில் வெயில், நீயும் அத்தானும் நலமாகத்தான் இருப்பீர்கள். நலம் விசாரித்தாயிற்று. இனி திட்டப்போகிறேன், உட்கார்ந்து படி.

என் மகள் கிரெட்சன் இரண்டு வருஷமாக தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு இந்த வாசலை மிதிக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். அவள் கறி மட்டுமல்ல, பால், முட்டை, தேன்கூடத் தொடாத வீகனாகிவிட்டாள். நானோ சீஸ் ஆலையில் நரைத்தவன். "உன்னை வளர்த்ததே பால் காசுடீ" என்று சாப்பாட்டு மேஜையில் கத்தினேன், தட்டை வைத்துவிட்டுப் போனவள்தான். இந்த வருஷம் அவளே போன் செய்து, "அந்த ரொட்டி ஸ்டஃபிங் மட்டும் நான் சாப்பிடுற மாதிரி செய்ங்கப்பா, வர்றோம். வேற எதுவும் வேண்டாம்" என்றாள். என் வீட்டுக்காரி லொரெய்ன் கண்மூடிய பிறகு முட்டை அவிப்பதைத் தாண்டாத நான், பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி ரொட்டிப் பாக்கெட்டுகளைப் படித்தேன். ஒன்றில் பால், ஒன்றில் தேன், ஒன்றில் முட்டை. வெறும் ரொட்டி என்று ஒன்று இந்த ஊரில் கிடையாதா என்று கடைக்காரப் பெண்ணோடு சண்டை. கடைசியில் கிடைத்ததைத் துண்டு போட்டுக் காயவைத்து, வெண்ணெய்க்குப் பதில் எண்ணெயில் வெங்காயமும் செலரித் தண்டும் வதக்கி (வெண்ணெய் தின்றே வளர்ந்த விஸ்கான்சின்காரன் செய்கிற காரியமா இது?), கோழிச்சாற்றுக்குப் பதில் காளான் வேகவைத்த தண்ணீரை ஊற்றிக் கிளறி, தட்டில் பரப்பி அடுப்புக்குள் தள்ளப்போன நேரத்தில் உன் போன் வந்தது பார், அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

"எதுலடா வைக்கிற?"

"தட்டுலக்கா."

"தட்டுலயா? வான்கோழி வயித்துல வைக்காததுக்குப் பேரு ஸ்டஃபிங்கா? அம்மா என்னைக்காவது தட்டுல வெச்சுப் பார்த்திருக்கியா? காய்ஞ்ச ரொட்டி திங்கவா அந்தப் பொண்ணு இவ்வளவு தூரம் வருது?"

அவள் வீகன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு கிழத் தலைகளில் ஒன்றிலாவது உறைத்திருக்க வேண்டாமா? அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவ்வளவையும் வான்கோழிக்குள் அடைத்தேன். மேஜையில் எல்லோர் முன்னாலும், கறிச்சாறு சொட்டச்சொட்ட முதல் கரண்டியை எடுத்து அவள் தட்டில் போட்டு, "ஒரு பொட்டு வெண்ணெய் கிடையாது, சத்தியம்!" என்றேன். கிரெட்சன் வான்கோழியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். மாப்பிள்ளை நீல்தான், "மாமா, அது வான்கோழிக்குள்ள இருந்துல்ல வருது..." என்று இழுத்தான். "அதனால என்ன? ஸ்டஃபிங்ல நான் வான்கோழியைப் போடலையே, வான்கோழியிலதானே ஸ்டஃபிங்கைப் போட்டேன்!" என்று கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே புரிந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, பாத்ரூமுக்குள் ஓடினாள். கண் சிவக்கத் திரும்பி வந்து, "பனி கொட்டுது, கிளம்புறோம்ப்பா" என்று போய்விட்டாள். என் பிள்ளையை மறுபடியும் அழவைத்து அனுப்பிவிட்டேன் அக்கா, அதுவும் உன் பேச்சைக் கேட்டு! இனிமேல் எனக்குப் போன் செய்யாதே. கிறிஸ்துமஸுக்கு நீ வரவேண்டாம். இந்த வீட்டில் இனி பண்டிகைக்கு அடுப்பு எரியாது.

அத்தானின் முழங்கால் சீக்கிரம் குணமாக ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். உனக்காக ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை.

ஆறாத கோபத்துடன், ஆனாலும் உன் தம்பி,
வெண்டல்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது கிரெட்சன் கூப்பிட்டாள். அழவில்லையாம். பாத்ரூமில் துண்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாளாம். வழியில் காரை ஓரங்கட்டிவிட்டு இரண்டு பேரும் மறுபடி சிரித்தார்களாம். கடைக்காரப் பெண் அவளுடைய பள்ளித்தோழியாம், எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். "அத்தனை பாக்கெட்டையும் படிச்சீங்களாப்பா? எனக்காகவா?" என்று கேட்டாள். கிறிஸ்துமஸுக்கு வருகிறார்கள். அத்தையையும் கூப்பிடச் சொன்னாள். மேலே எழுதியதை அடிக்க மனசில்லை, இவ்வளவு நன்றாகத் திட்ட எனக்கு எப்போதும் வராது. நீயே தள்ளிவிட்டுப் படித்துக்கொள். கட்டாயம் வா. அவள் பக்கத்து நாற்காலி மட்டும் எனக்கு.