பெட்டி மாஸ்டரின் நாற்பத்தோராம் விதி

எங்கள் ஏழு தீவிலும் பெட்டி மாஸ்டரைப் போலக் கோட்டுக்குப் பயந்த மனிதர் இருந்ததில்லை. ஷெல் விழுந்தபோதுகூட வெற்றிலையைத் துப்பிவிட்டு ஆறுதலாக எழும்பியவர், ஒரு கோடு பெட்டியில் முட்டாமல் மயிரிழை தள்ளி நின்றால் வியர்த்துப்போவார்.

சமாதான காலத்தில் ஊர்காவற்றுறையில் எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்துக்குக் கணினி வந்தது. மென்பொருள் எழுதுகிறவர்கள் கொழும்பில். எந்தப் பதிவு எதோடு சேரும் என்று அவர்களுக்குப் படம் கீறி அனுப்புகிறவர் காரைநகரிலிருந்து வந்த மாஸ்டர். வள்ளம் ஒரு பெட்டி, தொழிலாளி ஒரு பெட்டி, நடுவில் கோடு. கீறியதோடு விட்டாரா? பெட்டி என்றால் என்ன, கோடு எங்கே முடிகிறது, 'உள்ளே' என்றால் எவ்வளவு உள்ளே என்று கொப்பி நிறைய நாற்பது விதி எழுதினார்.

"பெட்டி எண்டாப் பெட்டிதானே மாஸ்டர்?" என்றேன்.

"நீர் சொல்லுவீர். கொழும்பில இருக்கிறவனுக்கு உம்மட மூஞ்சை தெரியாது. தாள் மட்டும்தான் தெரியும்."

கோட்டின் நுனியில் ஒரு சாய்சதுரம் வரும். வெறுமையாக இருந்தால் பதிவிலிருந்து வள்ளம் போனாலும் ஆள் இருப்பான். கறுப்பாக நிரப்பியிருந்தால் வள்ளத்தோடு ஆளும் போவான். இது முப்பத்தெட்டாம் விதி. சங்கத்தின் எழுதுவினைஞனான நான் ஏழாம் விதியோடு வாசிப்பை நிறுத்தியிருந்தேன். ஆகவே படத்தைத் தபாலில் போடுமுன், சாய்சதுரம் வெறிச்சென்று கிடக்கிறதே என்று கறுப்புப் பேனையால் வடிவாக நிரப்பினேன். எனக்குக் கொஞ்சம் கலையுணர்வு.

சில மாதங்களில் யோசேப்பு அண்ணையின் பழைய வள்ளம் உடைந்தது. கணினியிலிருந்து அதை நீக்கினேன். அடுத்த நாள் அவரும் அதே வள்ளத்தில் பதிவாகியிருந்த இரண்டு மருமக்களும் வேறொரு வள்ளத்தில் தொழிலுக்குப் புறப்பட, இறங்குதுறைக் கடற்படைக் காவலில், எங்கள் கணினி அச்சடித்த பட்டியலில் பெயரில்லையென்று திருப்பிவிட்டார்கள்.

"வள்ளம்தானே தம்பி உடைஞ்சது? நாங்கள் உயிரோடதானே நிக்கிறம்!"

செயலாளர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "ஆர்ட வேலை இது? இண்டைக்கே ஆளை வேலையால நிப்பாட்டுறன்!"

மாஸ்டர் படத்தைப் பார்த்தார். என் சட்டைப்பையில் இருந்த பேனையைப் பார்த்தார். முதலில் மூன்று பெயரையும் கையால் எழுதிக் கடிதம் கொடுத்து அவர்களைக் கடலுக்கு அனுப்பினார். பிறகு செயலாளரிடம் திரும்பினார்.

"பிழை ஆளில இல்லை, நான் வைச்ச குறியில. ஒரு சொட்டு மை மூண்டு பேரை விழுத்துமெண்டா அது ஒரு குறியே?"

அங்கேயே நாற்பத்தோராம் விதி பிறந்தது: 'மை ஊறினாலும் நகல் மங்கினாலும், எழுதுவினைஞர் ஆசைப்பட்டாலும், ஒரு குறி மற்றதாக மாறலாகாது.'

பிறகு சண்டை திரும்பத் தொடங்க, மாஸ்டர் கனடா போனார். போகும்போது கொப்பியை என்னிடம் தந்தார். கடைசிப் பக்கத்தில் 'நான்' என்று ஒரு பெட்டி, 'நீர்' என்று ஒரு பெட்டி, இரண்டிலும் சரியாக முட்டும் கோடு. நுனியில், பழைய முறைப்படி, வெறும் சாய்சதுரம்.

இந்த முறை முப்பத்தெட்டாம் விதி தெரிந்தேதான் நிரப்பினேன்.