அவசரம் ஜீப்பில் ஏறிய கதை

எங்கள் போடி பஜாரில் அவசரத்தைப் போல ஊரைக் கதிகலங்க வைத்தவர் யாருமில்லை. அரிவாளைத் தூக்கியதில்லை. ஓடினார், அவ்வளவுதான்.

சாக்குக் கடைக்காரர். விடிந்ததும் பனியன், காக்கி டவுசரோடு தேனி ரோட்டில் ஓடுவார். எங்கள் பக்கம் வளர்ந்த ஆம்பளை ரோட்டில் ஓடினால் ஒன்று பஸ்ஸை விட்டிருக்க வேண்டும், இல்லை எழவு விழுந்திருக்க வேண்டும். "என்ன அவசரம்ணே? ஏறுங்க, விட்டுர்றேன்" என்று பைக்கெல்லாம் நிற்கும். பேரும் அதுவே ஆகிப்போனது. ஒரு தடவை டிரைவர் பஸ்ஸையே நிறுத்திவிட்டார். இவர் ஏறவில்லை. உள்ளே இருந்தவர்கள் திட்டித் தீர்த்தார்கள்.

சில வருஷத்துக்கு முன் தேனியிலிருந்து போடிக்கு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். ஐம்பதைத் தாண்டிய மனுஷன் பேர் கொடுத்தார். ஊரே பார்க்க ஒரே ஒரு பந்தயம் ஓடி முடிக்க வேண்டும், அதுதான் அவர் ஆசை. விலை உயர்ந்த ஷூ போட்ட பயல்கள் பாதியில் இளநீர்க் கடையில் உட்கார்ந்துவிட, இவர்தான் முன்னால் வந்துகொண்டிருந்தார்.

போடி எல்லையில் எதிரே வந்தான் மச்சினன். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் டிரைவர். அவனுக்குப் பந்தயம் தெரியாது. விடிகாலையில் ஓடுகிற மச்சான் உச்சி வெயிலில் ஓடுகிறாரே என்று திகைத்தான். வேர்த்து விறுவிறுத்து வீட்டுப் பக்கம் ஓடும் மச்சானைப் பார்த்ததும், அக்காவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறிவிட்டான்.

"ஏறுங்க மச்சான், வீட்டுக்குப் போவோம்."

அவன் முகத்தைப் பார்த்து இவரும் அதையே நினைத்துவிட்டார். ஏறினார். கெட்ட சேதியை வழியில் கேட்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை.

வீட்டில் அக்கா புளி கரைத்துக்கொண்டிருந்தது. "என்ன, எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறீக?"

அவசரத்துக்கு அப்போதுதான் உறைத்தது. "ஏறுன இடத்துலயே எறக்கி விடுடா!" இறங்கி, மறுபடி ஓடி, கடைசியாக வந்தார். வந்ததும் நடந்ததைத் தானே சொன்னார். பந்தயம் நடத்தியவர்கள், ஓடியது கணக்கில் இல்லை என்று அவர் பேரை அடித்துவிட்டார்கள். நான் அவர்களில் ஒருத்தன் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"விடுங்கண்ணே. வண்டியில ஏறுனது ஏறுனதுதான" என்றார் அவசரம்.

அதற்குப் பிறகு கடையில் அவர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வருஷப் பந்தயத்தின்போது அவருக்கு முழங்கால் வீங்கியிருந்தது. அப்படியும் ஓடினார். பஜாரே ரோட்டோரம் நின்றது. மச்சினன் ஜீப் சாவியை அக்கா கையில் கொடுத்துவிட்டு, "எவனாச்சும் அவர ஏத்துனீக, மரியாதை கெட்டுப்போகும்" என்று கத்திக்கொண்டிருந்தான்.

மற்ற ஓட்டக்காரர்கள் எல்லோரும் கடந்து போன பிறகு அவசரம் வந்தார், நொண்டிக்கொண்டு. பைக்குக்காரர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். "ஏறுங்கண்ணே" என்று என் தொண்டை வரை வந்தது.

நல்லவேளை, அன்றைக்கு நான் வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு நடந்து போயிருந்தேன்.