பெண் பார்க்க வந்தவர்கள் காலைத் தூக்கிய கதை

பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் முதலில் என்ன பேசுவது என்று பல பெண்கள் கவலைப்படுவார்கள். எனக்கு யோசிக்கவே நேரம் இருக்கவில்லை. "காலைத் தூக்குங்க!" என்று கத்தினேன்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் களைத்துப்போய் வந்துசேரும் கடைமடை எங்கள் ஊர். எங்கள் வயல் ஒன்றில் உப்பேறி, விதைத்ததெல்லாம் வீணாகிக்கொண்டிருந்தது. "இந்தத் தடவையும் மொளைக்கலன்னா எறால் குட்டைக்கு விட்டுடுவேன்" என்று அப்பா சொல்லிவிட்டார். விவசாயப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த நான் (பட்டம் கையில், கர்வம் தலையில்) "என்கிட்ட விடுங்க" என்றேன். விதையைப் பொட்டாஷ் கரைத்த தண்ணீரில் ஊற வைத்து, முளை எட்டிப்பார்க்கும் முன்பே நிழலில் உலர்த்திவிட வேண்டும். பாதி விழித்த அந்த விதை, உப்பு மண்ணிலும் சட்டென்று முளைத்துக்கொள்ளும்.

நிழலும் ஃபேனும் உள்ள இடம் எங்கள் கூடம்தான். அங்கேயே நெல்லைப் பரப்பினேன். மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலம்தானே வருகிறார்கள், அதற்குள் காய்ந்துவிடும் என்று நினைத்தேன். (ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராகுகாலம் என்பது எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. மதியமே வந்துவிட்டார்கள்.)

நான் அறைக்குள் பட்டுப்புடவையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அம்மா அவசரமாகக் கூடத்தைக் காலி செய்தாள். ஈர விதையைக் கண்டால் எங்கள் ஊர்க் கைகள் சும்மா இருக்காது. சாக்கில் அள்ளி, வாயைக் கட்டி, தண்ணீர் தெளித்து, வைக்கோலால் மூடி, மேலே அம்மிக்கல்லையும் ஏற்றிவிட்டாள்.

காபித் தட்டோடு வந்தேன். கூடம் நிறைய ஆட்கள். ஒரு நெல்மணி இல்லை.

"விதை எங்கம்மா?"

"மொளை கட்டிப் போட்டாச்சு. நீ மொதல்ல காபியக் குடு."

முளை வெளியே வந்துவிட்டால் பிறகு உலர்த்த முடியாது, என் பாடம் முழுக்க வீண். தட்டை அப்படியே மாப்பிள்ளை கையில் திணித்துவிட்டு ஓடினேன். சாக்கை இழுத்து வந்து கூடத்தின் நடுவில் கவிழ்த்தேன். அப்போதுதான் அந்தக் கத்தல். எல்லோரும் நாற்காலியிலேயே சம்மணமிட்டார்கள். அவர்கள் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஸ்டாண்ட் ஃபேனையும் நெல்லின் பக்கம் திருப்பினேன். மாப்பிள்ளையின் அப்பா ஒரத்தநாட்டுப் பக்கம் விவசாயி. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஊற வச்ச வெதைய எதுக்கும்மா திரும்பக் காய வைக்கிறே?" என்றார். கேட்டிருக்கக் கூடாது. முழுப் பாடத்தையும் எடுத்தேன். மாப்பிள்ளை, தூக்கிய காலோடும் ஆறிய காபியோடும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"போயிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்பினார்கள். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாள்.

ஆனால் வயல் முளைத்தது! வரப்போரம் கொஞ்சம் சொட்டை விழுந்தாலும், வெள்ளை பூத்துக் கிடந்த மண்ணில் பச்சை பிடித்துவிட்டது. குட்டைக்காரரிடம் அப்பா முடியாது என்று சொல்லிவிட்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமை பிடிபடாது.

சேதி கேள்விப்பட்டு மாப்பிள்ளையின் அப்பா தனியாக வந்தார். வீட்டுக்குள் வராமல் நேரே வயலுக்குப் போய், குனிந்து பயிரைத் தடவிப் பார்த்தார்.

"இதுக்காகத்தான் எங்கள வேக வச்சியா?"

"ஆமாங்க."

அவர் என் அப்பா பக்கம் திரும்பினார். "சம்பந்தி, நல்ல நாளாப் பாருங்க. கல்யாணத்தன்னிக்காவது ஃபேன் எங்க பக்கம் ஓடட்டும்."

இப்போதும் நான் காபியோடு கூடத்துக்குள் நுழைந்தால், கணவர் முதலில் காலைத் தூக்கிக்கொண்டு, பிறகுதான் கையை நீட்டுவார். காபி குடிக்கும் முறையே அதுதான் என்று எங்கள் மகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.