பழுதற்றது எனச் சான்றளிக்கப்பட்ட கார்

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, வடக்கில் யுத்தமும் கண்டியில் யப்பான் கார்களும் ஒருசேரப் பெருகியிருந்த காலத்தில், மஹய்யாவயில் குடியிருந்த திருவாளர் அம்பிகைபாகன் ஒரு கார் வாங்கினார். அவர் யாழ்ப்பாணத்தவர், மாகாண அலுவலகம் ஒன்றில் நிர்வாக உத்தியோகத்தர். இருபத்திரண்டு வருட சேவையில் எந்தக் கடிதத்துக்கும் பதில் போடாமல் விட்டதில்லை.

அப்போது கண்டியில், தானாக எதையாவது செய்கிற கார்தான் கௌரவம். ஒருவருடைய காரில் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். இன்னொருவருடையதில் பக்கக் கண்ணாடி தானாக மடியும். தானாக எதுவுமே செய்யாத காரில் அலுவலகம் வருகிறவரை மற்றவர்கள் இரக்கத்தோடு பார்த்தார்கள். அம்பிகைபாகனின் கார் எல்லாவற்றையும் தானாகச் செய்தது. எப்போது செய்வது என்பதையும் அதுவே தீர்மானித்தது.

முதலாவது மழைக்கு அடுத்த நாள், வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளியிருந்த சோதனைச் சாவடியில் காரை நிறுத்தினார். பக்கத்தில் மனைவி லீலாதேவி. உடனே நான்கு கதவுகளும் பூட்டிக்கொண்டன. முன்பலகை விளக்குகள் அணைந்தன. வெயிலில் வைப்பர் ஆடத் தொடங்கியது. பிறகு எங்கிருந்தோ ஒரு பெண் குரல், மிகுந்த மரியாதையோடு, "காடோ கா ஸோனியூ ஸரெதெ இமஸென்" என்றது.

பேசியது யார் என்று சிப்பாய் சைகையில் கேட்டார். தன் மனைவி அல்ல என்று அம்பிகைபாகன் சைகையிலேயே சொன்னார். லீலாதேவி வாயைப் பொத்திக் காட்டி அதை உறுதிப்படுத்தினார். இறங்கி வரும்படி சிப்பாய் கட்டளையிட்டார். கதவும் திறக்கவில்லை, கண்ணாடியும் இறங்கவில்லை. நாற்பது நிமிடம் கழித்து, காருக்கே மனம் மாறிக் கதவுகளைத் திறந்துவிட்டது.

வத்தேகமவில் கராஜ் வைத்திருந்த முனாப் முன்பலகையைக் கழற்றிப் பார்த்தார். பச்சை படிந்த ஒரு வயரை விரலால் தொட்டுக் காட்டி, "இதுல ஈரம் பட்டீக்கி சேர், வேறொண்டுமில்ல" என்றார். தன் மனைவி தலைமுடி காயவைக்கிற கருவியைக் கொண்டுவந்து வயரைக் காயவைத்தார். கார் ஒன்பது நாள் அடக்கமாக இருந்தது. பத்தாம் நாள் மழை பெய்தது. அதே சாவடி, அதே பெண், அதே வாக்கியம். இப்படி மூன்று தடவை முனாப் காயவைத்தார். மூன்று தடவை வானம் நனைத்தது.

நான்காம் தடவை அம்பிகைபாகனைப் பொலிஸ் நிலையத்துக்கு அழைத்தார்கள். பொறுப்பதிகாரி நல்ல மனிதர். கதிரை கொடுத்தார், தேநீர் வரவழைத்தார், பிறகு முறைப்பாட்டை வாசித்தார். மூன்று மாதத் தமிழ்ப் பயிற்சியில் சித்தியடைந்த கான்ஸ்டபிள் ஒருவர் அதில் வாக்குமூலம் கொடுத்திருந்தார். மேற்படி பெண் "காடோ" என்று கேட்பதாகவும், காடு என்றால் தமிழில் வனம் என்றும், வன்னியில் வனம் அதிகம் என்றும், எனவே விடயம் பாரதூரமானது என்றும் அதில் கண்டிருந்தது.

அது கார் பழுது என்றார் அம்பிகைபாகன். அப்படியானால் எழுத்தில் தரவேண்டும் என்றார் பொறுப்பதிகாரி. முனாப் கலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தது ஏற்கப்படவில்லை. அதில் கராஜின் பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை. கணினி வைத்துச் சோதிக்கும் அங்கீகாரம் பெற்ற கராஜிலிருந்து அறிக்கை வேண்டும் என்று பணிக்கப்பட்டது.

அந்தக் கராஜ் நகரத்தில், குளிரூட்டிய அறையில் இருந்தது. ஹென்றி என்ற பொறியியலாளர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு காரின் முன்பலகைக்குக் கீழே ஒரு வயரைச் செருகினார். வேறு எதையும் தொடக்கூட இல்லை. கணினி சற்று யோசித்து ஒரு தாளை வெளியே தள்ளியது. அதில் ஒரே வரி: பழுதுகள் எதுவும் இல்லை.

கூடவே வந்திருந்த முனாப் பச்சை வயரைக் காட்டினார். அது வயரின் நிறம் என்றார் ஹென்றி. அது செம்பில் பிடித்த களிம்பு என்றார் முனாப். களிம்புக்குக் கணினியில் இலக்கம் இல்லை என்றார் ஹென்றி. அந்த நேரம் பார்த்துக் கதவுகள் நான்கும் பூட்டிக்கொண்டன, வைப்பர் ஆடியது, பெண் பேசினாள்.

"இப்ப என்ன சொல்லுறியள்?" என்று அம்பிகைபாகன் கேட்டார்.

"மெஷின் பழுது இல்லன்னு சொல்லுதுங்க," என்றார் ஹென்றி. "எனக்கும் காது கேக்குது. ஆனா நான் மெஷினுக்குக் கீழதானே வேலை செய்றேன்."

அறிக்கையைப் பொறுப்பதிகாரி இரண்டு தடவை வாசித்தார். முகத்தில் கவலை தெரிந்தது. பழுது இருந்திருந்தால் இது தற்செயல் என்று கோவையை மூடியிருக்கலாம் என்றார். பழுது இல்லை என்று அங்கீகாரம் பெற்ற கராஜே சான்றளித்துவிட்டதால், நடப்பதெல்லாம் வேண்டுமென்றே நடக்கிறது என்றாகிறது. கார் வேண்டுமென்று எதையும் செய்யாது. ஆகவே எஞ்சியிருப்பவர் சொந்தக்காரர். திங்கட்கிழமை ஒரு மாற்று உடுப்போடு வரும்படி அன்பாகக் கேட்டுக்கொண்டார்.

அப்படி மாற்று உடுப்போடு போனவர்களில் சிலர் எப்போது திரும்பினார்கள் என்பது மஹய்யாவயில் எல்லோருக்கும் தெரியும். சிலர் திரும்பியிருக்கவில்லை என்பதும் தெரியும். லீலாதேவி பையில் ஒரு சாரத்தையும் துவாயையும் பல்துலக்கியையும் வைத்தார், வெளியே எடுத்தார், மறுபடி வைத்தார். "இவ்வளவு நாளா அந்த மனிசி என்ன சொல்லுறா எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையேப்பா" என்றார். பையை அப்படியே விட்டுவிட்டு, யப்பானில் ஆறு வருடம் வேலை செய்து திரும்பியிருந்த டொரதி என்ற ஆசிரியையைத் தேடிப் போனார்.

திங்கட்கிழமை பொலிஸ் நிலைய முற்றத்தில் கார் எல்லோர் முன்னிலையிலும் பேசியது. டொரதி ஒரே தடவை கேட்டுவிட்டுச் சொன்னார்: "அட்டை போடலைன்னு சொல்லுதுங்க."

யப்பானில் பெருந்தெருக்களுக்குக் கட்டணம் கட்ட ஓர் அட்டை உண்டு என்று டொரதி விளக்கத் தொடங்கினார். அதை ஒருவரும் கேட்கவில்லை. பொறுப்பதிகாரி எழுந்து நின்றுவிட்டார். இந்த வாகனம் நான்கு மாதமாகச் சாவடியில் நின்று அட்டை கேட்டிருக்கிறது. கடமையிலிருந்தவர்களில் ஒருவராவது தன் அடையாள அட்டையைக் காட்டினாரா என்று விசாரித்தார். ஒருவரும் காட்டியிருக்கவில்லை. ஏழு பேருக்கு எழுத்து மூலம் கண்டனம் போனது. காருக்குப் பாதுகாப்புக் கடமைகளுக்கு ஒத்துழைக்கும் வாகனம் என்று கடிதம் கிடைத்தது.

அதன் பிறகு அம்பிகைபாகன் சாவடியில் காத்திருந்ததில்லை. கார் கேட்கும், சிப்பாய் அட்டையைக் காட்டுவார், கார் போகும். செய்தி பரவியது. வத்தேகமவில் கராஜுக்கு முன்னால் கார்கள் வரிசையில் நின்றன. நான்கு மாதமாகத் திருத்த முடியாத பழுதை முனாப் ஈரத்துணி ஒன்றின் உதவியோடு அரை நாளில் மற்றக் கார்களில் உண்டாக்கிக் கொடுத்தார். வைத்தியர்களும் பாடசாலை அதிபர்களும் வந்தார்கள். ஹென்றியும் தன் காரைக் கொண்டுவந்தார். கடைசியில், பேசாத வாகனங்கள் தனி வரிசையில் நிறுத்தப்பட்டு முழுமையாகச் சோதிக்கப்படும் என்று சுற்றறிக்கை வந்தது.

மாசி மாதம் வெயில் ஏறியது. ஒரு காலை, சாவடிக்கு இருபது யார் தூரம் இருக்கையில், தன்னுடைய கார் மூன்று நாளாக வாய் திறக்கவில்லை என்பது அம்பிகைபாகனுக்கு நினைவு வந்தது. வயர் தானாகவே காய்ந்துவிட்டது. திரும்பிப் போக வழியில்லை, பின்னால் வரிசை. முன்னால் அவர் இதுவரை காணாத புதிய சிப்பாய், கையில் சுற்றறிக்கை.

கண்ணாடியை விரல் அளவு இறக்கினார். முன்பலகைக்குக் கீழே குனிந்தார். மெல்லிய பெண் குரலில், மிகுந்த மரியாதையோடு, "காடோ கா ஸோனியூ ஸரெதெ இமஸென்" என்றார். லீலாதேவி மற்றப் பக்கம் திரும்பி ஒரு மதிலைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதிய சிப்பாய் நிமிர்ந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து தன் அடையாள அட்டையை எடுத்து, இரண்டு கையாலும் அந்த இடைவெளிக்குள் நீட்டினார்.

தலையாட்டிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் அம்பிகைபாகன் நினைத்தார். ஆனால் அட்டை கைக்கு வந்ததும் அவருக்குள் ஏதோ நடந்தது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அட்டையின் முன்புறத்தைப் பார்த்தார். திருப்பிப் பின்புறத்தைப் பார்த்தார். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். பிறகு நல்ல சிங்களத்தில், சாவடிகளில் தன்னிடம் வழக்கமாகக் கேட்கப்படுகிறபடியே, சொந்த ஊர் எது என்று கேட்டார். கண்டிக்கு என்ன அலுவலாக வந்தது என்று கேட்டார். யார் வீட்டில் தங்கியிருக்கிறீர், அதற்குக் கடிதம் இருக்கிறதா என்று கேட்டார்.

"விடுங்கோப்பா, போவம்" என்று லீலாதேவி அவருடைய கையைத் தொட்டார்.

"கொஞ்சம் பொறும்," என்றார் அம்பிகைபாகன். "படத்தில இருக்கிறது இவர்தானோ எண்டு எனக்கு ஒரு சந்தேகம்."

பிறகு சிப்பாயின் பக்கம் திரும்பி, கொஞ்சம் ஓரமாக நிற்கும்படி சொன்னார்.