வெட்டுப்பட்ட காளான் பந்தி

கட்டுகஸ்தோட்டை வீதி,
கண்டி.
ஓகஸ்ட் 1989

கொழும்பில் பத்திரிகை நடத்தும் ஆசிரியரும், என் அக்கா லீலாதேவியைக் கட்டியதால் எனக்கு அத்தானுமாகிய திருச்செல்வம் அவர்களுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். இந்த மாதத்தில் அதையே நலம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

இன்று காலை எழும்பியதும் முதல் வேலையாக, இவரின் தலையணைக்குக் கீழே மடித்து வைத்திருந்த உங்கள் பத்திரிகையை உருவி எடுத்து அடுப்புக்குள் வைத்தேன். என் சொந்தக் கட்டுரையை நானே எரித்தேன். நன்றாகத்தான் எரிந்தது.

“உண்ணத்தகு காளான்களிலுள்ள புரதங்கள்: ஓர் அறிமுகம்” என்று நான் அனுப்பியதற்கு, “காளான் இருக்க டொக்டர் எதற்கு?” என்று தலைப்புப் போட்டீர்கள். பொறுத்தேன். கட்டுரையின் கடைசிப் பந்தியையும் வெட்டினீர்கள். ஊரடங்கு அறிவித்தல் பிந்தி வந்ததாம், இடம் போதவில்லையாம். ஊரடங்கென்றால் அடங்க வேண்டியது ஊர், அத்தான், என் பந்தி அல்ல. காளானிலிருந்து பிரித்தெடுத்த சில புரதங்கள் நோயுற்ற உயிர்க்கலங்கள் வளர்வதைத் தடுத்தன என்பதை விட்டுவைத்தீர்கள். அது ஆய்வுகூடக் குழாய்க்குள் நடந்தது, சட்டியில் வேகும்போது புரதம் முட்டை வெள்ளைக்கருவைப் போலக் குணம் மாறிவிடும், மிச்சத்தை வயிறு செரித்துவிடும், ஆகவே காளான் நல்ல சாப்பாடு, மருந்தல்ல, டொக்டர் தந்த மருந்தை நிறுத்த வேண்டாம் என்பதெல்லாம் உங்கள் கத்தரிக்குப் போயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். சந்தையில் மரக்கறி விற்கும் ஸெய்னுலாப்தீன் நானா காளான் குவியலுக்கு மேலே பத்திரிகையில் வந்த என் படத்தைத் தொங்கவிட்டிருக்கிறார், கழற்றுங்கள் என்றால் “டீச்சர், ஒங்கட மொகத்தப் பாத்துத்தான் சனம் வருது, கழட்டினா காளான் வாடிப் போகும்” என்கிறார், பள்ளிக்கூடத்தில் அதிபர் தன் மூட்டு வலிக்கு எந்தக் காளான் என்று எல்லா ஆசிரியர்களுக்கும் முன்னால் கேட்கிறார், சோதனைச் சாவடியில் பையைக் கிளறிய ஆமிக்காரன், சந்தைக் கதை அவன் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும், காளானைக் கண்டதும் அடையாள அட்டையைத் திருப்பித் தந்துவிட்டு, அம்மாவுக்குப் பிரஷர், அவித்துக் கொடுப்பதா பொரித்துக் கொடுப்பதா என்று சிங்களத்தில் குரலைத் தாழ்த்துகிறான், துவக்கு வைத்திருப்பவனுக்குப் புரதத்தை விளக்க எனக்குச் சிங்களமும் போதாது, தைரியமும் போதாது, அவித்து என்று சொல்லி, மருந்தை நிறுத்த வேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு வந்தேன்.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இவர், உங்கள் சகலன் விவேகானந்தன், சீனி வருத்தத்துக்கு டொக்டர் எழுதித் தந்த குளிசையை நிறுத்திவிட்டார். மூன்று நேரமும் காளான். செருப்புக் கடித்த புண் ஆறாமல் பெருவிரல் நீலம் பாரித்து வருகிறது. கல்யாணம் கட்டி இத்தனை வருசத்தில் நான் சொன்னதென்று இவர் நம்பிய முதல் விஷயம், நான் சொல்லாத விஷயம்.

“இஞ்சாருங்கோ, அது அரைக் கட்டுரை. மிச்சத்தை அத்தான் வெட்டிப்போட்டார்.”

“பேப்பரிலை இருக்கிறதை விட்டுட்டு, நீர் வாயாலை சொல்லுறதையே நம்பச் சொல்லுறீர்?”

“எழுதினதே நான்தானே.”

“எழுதேக்கை தெளிவாய்த்தான் இருந்திருக்கிறீர். இப்பதான் குழம்பிறீர். கொஞ்சம் காளான் சாப்பிடும்.”

ஆகவே கேளுங்கோ அத்தான். ‘காளானும் புற்றுநோயும்’ எண்டு அடுத்த கட்டுரை கேட்டு எழுதியிருக்கிறியள். தரமாட்டன். வெட்டின பந்தியை முன்பக்கத்திலை, பெட்டி கட்டி, ஒரு எழுத்தும் குறையாமல் போடுங்கோ. போடாட்டில் நானே கையாலை எழுதிச் சந்தையிலை என்ரை படத்துக்குக் கீழை ஒட்டுவன். இந்த நாளிலை சுவரிலை எதையாவது ஒட்டப் போனால் கிளர்ச்சிக்காரர் எண்டு ஆமி சுட்டுப்போடும் எண்டு உங்களுக்கும் தெரியும். ஒட்டுவன்.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தங்கள். உங்களுக்குரியது, பந்தி அச்சான பிறகு.

மைத்துனி,
பத்மாதேவி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் இவர் நொண்டிக்கொண்டு குசினிக்குள் வந்து, “இண்டைக்கும் காளான்தானே?” என்று கேட்டார். பந்தியைப் போட வேண்டாம். பேப்பரில் அதைக் கண்டால் வெட்கத்தில் காளானையும் தொடமாட்டார், வீம்பில் குளிசையையும் தொடமாட்டார். இன்றிலிருந்து இவருடைய குளிசை தூளாகிக் காளான் கறிக்குள் போகும், இறக்கி ஆறிய பிறகு. தூளாக்கலாமா என்று பாமசியில் கேட்டு வைத்திருக்கிறேன், எதற்கென்று சொல்லவில்லை. அக்காவுக்கும் இது தெரியாது. சந்தைச் சனத்துக்கு நான் வாயால் சொல்லிக்கொள்கிறேன். சீனி இறங்கினால் இவர் காளானைப் புகழ்ந்து உங்களுக்கொரு கடிதம் எழுதுவார். அதைப் போட்டீர்களென்றால், ஊரடங்கு இருந்தாலும் அடுத்த ரயிலில் வருவேன்.