முப்புள்ளி வைத்த முந்நூறு ஊர்கள்

கடலுக்கு இப்பாலும் மலைக்கு அப்பாலும் மணிமுடிநாடு என்றொரு நாடு இருந்தது. அங்கே மக்கள் தங்கள் மொழியில் பேசினார்கள், சண்டையிட்டார்கள், தாலாட்டுப் பாடினார்கள். அரசாங்கம் மட்டும் ஆங்கிலத்தில் நடந்தது. எப்போதோ கப்பலில் வந்த வெள்ளைக்காரர்கள் மறந்துவிட்டுப் போன மொழி அது; திரும்பி வந்து கேட்டால் பழுதில்லாமல் ஒப்படைக்க வேண்டும் என்றுதான் அதை நாள்தோறும் துடைத்துப் பயன்படுத்தி வருகிறோம் என்று அதிகாரிகள் விளக்கம் சொல்வார்கள்.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை அங்கே தேர்தலும் உண்டு. மன்னர் சிங்கமுக பூபதியே ஒவ்வொரு முறையும் வென்றார். எதிர்த்து நிற்க நினைத்தவர்களை முன்கூட்டியே சிறையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

அந்நாட்டில் எந்தத் தாளும் ஆணையாக வேண்டுமானால் குறிநோக்கு மண்டபத்தின் முத்திரை வேண்டும். மண்டபத்தார் சொற்களைக் கணக்கில் எடுப்பதில்லை. வாக்கியம் எங்கே நிற்கிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்று மட்டும் பார்ப்பார்கள். என்ன சொல்கிறது என்று பார்ப்பது ஒட்டுக்கேட்பதற்குச் சமம் என்பது அவர்களுடைய கொள்கை. ஒன்பது தலைமுறையாக அந்த முத்திரை ஒரே குடும்பத்தில் இருந்தது. நானும் அந்தக் குடும்பத்தில் பிறந்தவன்தான். ஆகவே எங்கள் வீட்டைப் பற்றி நான் உயர்வாகச் சொல்வதை மட்டுமாவது வாசகர்கள் சந்தேகமின்றி நம்பலாம். அந்த ஒன்பது தலைமுறையிலும் தவறான ஒரு குறியின்மேல் எங்கள் முத்திரை விழுந்ததில்லை.

நான் சொல்லவரும் காலத்தில் முத்திரை தில்லைநாயகர் கையில் இருந்தது. முதுகு வளையாத மனிதர். கீழே விழுந்த பேனாவை எடுக்கக்கூடக் குனியமாட்டார். பேனா தானாக வருத்தம் தெரிவிக்கும்வரை காத்திருப்பார் என்று ஊரில் பேச்சு.

முதல் ஆணை ஒரு சித்திரை மாதத்தில் வந்தது. காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் மட்டும் வைத்து எழுதும் மனுக்கள் நாட்டின் கௌரவத்துக்கு இழுக்கு என்று தலைமை அமைச்சர் கண்டீரவர் கண்டுபிடித்தார். இனி ஒவ்வொரு மனுவிலும் அரைப்புள்ளி ஒன்று, முக்காற்புள்ளி ஒன்று, நெடுங்கோடு ஒன்று இருக்க வேண்டும். மூன்றும் பிழையற இருக்க வேண்டும்.

"குடிமக்கள் துன்பப்படலாம், தடையில்லை. ஆனால் இலக்கணத்தோடு துன்பப்படட்டும்" என்றார் கண்டீரவர். சபை கைதட்டியது.

மனுக்கள் நின்றுபோயின. குறைகளே இல்லை என்று மன்னர் மகிழ்ந்தார். மகிழ்ச்சியில் இரண்டாம் ஆணை போட்டார்: பதினெட்டு வயது நிறைந்த அனைவரும் மூன்று மாதம் குறிப்பள்ளிக்கு வர வேண்டும். உழவர்கள் கலப்பையைப் போட்டுவிட்டு அரைப்புள்ளி பயின்றார்கள். இரண்டு முழு வாக்கியங்களைப் பிரிக்காமல் பிரிப்பது அரைப்புள்ளி. இதோ வருகிறது என்று கட்டியம் கூறுவது முக்காற்புள்ளி. பேச்சு சட்டென்று திரும்பும் இடத்தில் நெடுங்கோடு. பிறர் சொன்னதில் சிலவற்றை விட்டுவிட்டோம் என்று ஒப்புக்கொள்ள முப்புள்ளி. பிறர் பேச்சு விளங்குவதற்காக நாம் சேர்க்கும் சொல்லைச் சதுர அடைப்புக்குள் போட வேண்டும். அவ்வாண்டு நெல் விளையவில்லை. அரைப்புள்ளி அமோகமாக விளைந்தது.

மலைமேல் நொச்சிமேடு என்ற சிற்றூரில் இஞ்சி பயிரிட்டு வந்தவள் செங்கமலம். அவள் தங்கை வஞ்சிக்கு அப்போது ஆறாம் மாதம். ஊரில் மருத்துவமனைக் கட்டடம் இருந்தது. மன்னர் திறந்து வைத்த கல்வெட்டும் இருந்தது. உள்ளே ஆடுகள் இருந்தன. முந்தைய ஆண்டு மட்டும் மூன்று தாய்மார்கள் பேற்றில் போனார்கள். செங்கமலம் குறிப்பள்ளியில் முதலாவதாகத் தேறி, தானே மனு எழுதினாள். நம் மொழியில் சொன்னால் அது இப்படி வரும்:

"எங்கள் ஊரில் மருத்துவமனை இருக்கிறது; மருத்துவர் இல்லை. இதனால் எங்களுக்கு நிம்மதி என்பது கிடையாது. ஒன்று மட்டும் கேட்கிறோம்: ஒரு மருத்துவர். அவர் வராவிட்டால் – மன்னிக்க வேண்டும் – மன்னரை நாங்கள் வாழ்த்துவது கடினம்."

தில்லைநாயகர் படித்தார். குறிகள் ஒவ்வொன்றும் தத்தம் இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தன. முத்திரை வைத்தார். இரண்டு மாதம் கழித்து அரசிதழில் அம்மனு வெளியாயிற்று:

"எங்கள் ஊரில் மருத்துவமனை இருக்கிறது … எங்களுக்கு நிம்மதி … மன்னரை நாங்கள் வாழ்த்து[கிறோம்]."

செங்கமலம் மலையிறங்கி, இரண்டு நாள் நடந்து, மண்டபத்துக்கு வந்தாள். அரசிதழை மேசைமேல் விரித்தாள்.

"ஐயா, இதுல பிழை இருக்கா?"

தில்லைநாயகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "இல்லையம்மா. விட்ட இடத்தில் முப்புள்ளி. சேர்த்த இடத்தில் சதுர அடைப்பு. சுத்தமான வேலை."

"பொய் இருக்கா?"

"அது எங்கள் இலாகா இல்லை."

"என் தங்கச்சிக்கு எட்டு மாசம். புள்ள குறுக்க கெடக்குன்னு மருத்துவச்சி கையை விரிச்சுட்டா. அது எந்த இலாகா?"

தில்லைநாயகரின் முதுகு இன்னும் நேரானது. அந்த நேரத்தில் அவர் வெட்கப்பட்டார் என்று எங்கள் வீட்டில் ஒருவர்கூடச் சொன்னதில்லை. அவர் அன்று மதியம் சாப்பிடவில்லை என்று மட்டும் சொல்வார்கள்.

"சரி, இது மட்டும் சொல்லுங்க. அவங்க வெட்டி ஒட்டுன மாதிரி நாங்களும் வெட்டி ஒட்டலாமா?"

"குறிகளுக்கு அரசன், குடி என்ற பேதம் கிடையாதம்மா. பிழையில்லாமல் வந்தால் முத்திரை விழும்."

அவள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாள்.

அவள் கேட்டதன் பொருளை நாட்டின் ஒரு பழைய வழக்கத்தை அறிந்தவர்கள் எளிதில் உணர்வார்கள். மன்னர் பேசினால் ஒவ்வோர் ஊரும் அதை ஆங்கிலத்தில் படியெடுத்துக்கொள்ளும். ஊருக்கு ஒரே ஒரு தாள் என்பதால், வேண்டாததை விட்டு முப்புள்ளி வைத்து, தங்களுக்கு ஆவதை மட்டும் எழுதுவார்கள். அதற்கு ஊர்ப்படி என்று பெயர். முத்திரை விழுந்துவிட்டால் ஊர்ப்படியும் அரசாணைதான். இதுவரை ஊர்கள் வாழ்த்துரைகளை மட்டும் படியெடுத்து வந்ததால், அரண்மனை அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

ஆனால் கண்டீரவர் வேறு வழியில் முந்திக்கொண்டார். நொச்சிமேட்டு மனுவைக் கேள்விப்பட்டு வேறு ஊர்களும் மருத்துவரைக் கேட்கத் தொடங்கியிருந்தன. மூன்றாம் ஆணை வந்தது: மணிமுடிநாட்டில் நோய் ஒழிக்கப்பட்டுவிட்டது. நோயில்லாத நாட்டில் மருத்துவர்கள் வீண்செலவு என்பதால் அவர்கள் பணியிலிருந்து நீக்கப்படுகிறார்கள். மருத்துவர் என்ற சொல்லை, மன்னரே திருவாய் மலர்ந்து சொன்னாலொழிய, எந்தத் தாளிலும் எழுதக் கூடாது. அரண்மனை மருத்துவர் ஒருவர் மட்டும் மிஞ்சினார். அவரையும் தோட்டக் கண்காணிப்பாளர் என்றே அழைத்தார்கள்.

மறு ஆண்டு வைகாசி முழுநிலவு நாளில் மன்னர் முடிசூட்டு ஆண்டு விழா உரை நிகழ்த்தினார். முந்நூறு ஊர்க்காரர்களும் தாளும் பேனாவுமாக மைதானத்தில் கூடினார்கள். செங்கமலம் முன்வரிசையில் இருந்தாள். வஞ்சிக்கு நாள் நெருங்கிவிட்டது.

மன்னர் ஒரு மணி நேரம் பேசினார். சாலை என்றார், வானம் என்றார், தம் தாத்தா என்றார். மருத்துவர் என்று சொல்லவில்லை. முடிக்கப் போனவரைப் பார்த்துச் செங்கமலம் எழுந்து கூவினாள்.

"ராசா, இன்னும் பேசுங்க ராசா! காது குளுரல!"

"பேசுங்க சாமி!" என்றார் பக்கத்து ஊர்க்காரர். முந்நூறு ஊரும் சேர்ந்துகொண்டது.

மன்னர் நெகிழ்ந்துபோனார். இரண்டாம் மணி பேசினார். மூன்றாம் மணி பேசினார். வெயில் ஏறியது. தண்ணீர்க் குவளையுடன் வந்த சேவகனை மேடைப் படியிலேயே கூட்டம் மறித்தது. "தள்ளுப்பா! ராசா பேசும்போது குறுக்க வராத!" ஐந்தாம் மணியில் மன்னர் தம் குதிரைகளின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல் எழுந்தது.

"இந்தாளு யானைக்குப் போயிருவாரு போலிருக்கே. வாயில அந்த வார்த்தை வருமா, வராதா?" என்று பக்கத்து ஊர்க்காரர் முணுமுணுத்தார்.

"பொறுங்கண்ணே. தொண்டைன்னு ஒண்ணு அவருக்கும் இருக்குல்ல" என்றாள் செங்கமலம்.

ஆறாம் மணியில், யானைகளுக்கு நடுவே, மன்னரின் குரல் கீறியது. இருமினார். கழுத்தைப் பிடித்தார். தகரத்தில் ஆணி இழுத்ததுபோன்ற சத்தத்தில் சொன்னார்:

"ஐயோ… தொண்டை… ஒரு மருத்துவரை உடனே அனுப்புங்கள்!"

அப்படியொரு கைதட்டலை மணிமுடிநாடு அதற்கு முன் கேட்டதில்லை. தொப்பிகள் பறந்தன. கிழவர்கள் ஒருவரையொருவர் தூக்கிச் சுற்றினார்கள். பிறகு ஒரே கணத்தில் முந்நூறு தலைகள் குனிந்து, முந்நூறு பேனாக்கள் ஓடின.

செங்கமலம் முதல் ஆளாக மண்டபத்துக்கு ஓடினாள். அவளுக்குப் பின்னால் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர். அவர்களுக்குப் பின்னால், அங்கி தடுக்க, கண்டீரவர்.

"நாயகரே, நிறுத்தும்! இது மோசடி!"

தில்லைநாயகர் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். "… ஒரு மருத்துவரை உடனே [நொச்சிமேட்டுக்கு] அனுப்புங்கள்!" என்று அது சொன்னது.

"எங்கே அனுப்ப என்று மன்னர் சொல்லவில்லை. அதை விளக்கியிருக்கிறார்கள். சேர்த்த சொல் அடைப்புக்குள் இருக்கிறது" என்றார் தில்லைநாயகர்.

"பொருளே மாறிப்போயிற்று ஐயா!"

"அது எங்கள் இலாகா இல்லை."

"உமது பதவி போகும். ஒன்பது தலைமுறைப் பதவி! ஒரே ஒரு பிழை இருக்கிறது என்று சொல்லும், போதும்."

"ஒன்பது தலைமுறையாகப் பிழையைச் சரி என்று சொன்னதில்லை. சரியைப் பிழை என்று சொல்வதற்கு நான் எதற்கு? உம்மிடமே ஆள் நிறைய இருக்கிறார்களே" என்றார் தில்லைநாயகர். முத்திரையை ஓங்கி வைத்தார். மைக்கூடு துள்ளியது.

அன்று மாலைவரை முத்திரை ஓயவில்லை. முந்நூறு ஆணைகள், ஒரே மருத்துவர். முதல் முத்திரை நொச்சிமேட்டுக்கு விழுந்திருந்ததால், தோட்டக் கண்காணிப்பாளர் தம் பெட்டியுடன் செங்கமலத்தின் கழுதைமேல் ஏற்றப்பட்டார். மன்னருக்குத் தடுக்கக் குரல் இல்லை. எழுதித்தான் தடுக்க வேண்டும். அவர் எழுதியனுப்பிய தாளில் அரைப்புள்ளி மூன்று இடத்தில் தவறான இருக்கையில் உட்கார்ந்திருந்தது. தில்லைநாயகர் அதை மரியாதையாக மடித்து, முத்திரையின்றித் திருப்பி அனுப்பினார்.

மூன்றாம் நாள் விடியலில் வஞ்சி ஒரு பெண்ணைப் பெற்றாள். இருவரும் பிழைத்தார்கள். மருத்துவர் அங்கிருந்தபடியே மன்னருக்குச் சீட்டு எழுதி அனுப்பினார்: நாற்பது நாள் பேசக் கூடாது. அந்த நாற்பது நாளில் நாட்டில் ஒரு புதிய சட்டமும் வரவில்லை. வரலாற்று நூல்களில் அது பொற்காலம் என்று குறிக்கப்படுகிறது.

நாற்பத்தோராம் நாள் மன்னர் மீண்டும் மேடையேறினார். அன்று மைதானம் கொள்ளவில்லை. இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது ஊர்க்காரர்கள் இம்முறை முதல் முத்திரை தங்கள் ஊருக்கே விழ வேண்டும் என்று விடியுமுன்பே வந்து முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார்கள். "பேசுங்க ராசா, விடிய விடியப் பேசுங்க!" என்று அவர்கள் கத்திய கத்தலில் மன்னருக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"கண்டீரவரே, இப்படி அன்பு காட்டும் மக்கள் உலகில் வேறெங்காவது உண்டா?" என்று கேட்டுவிட்டு, அவர் பேசத் தொடங்கினார். கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு, அவர் எப்போது இருமுவார் என்று பார்த்திருந்தது.