வேலை செய்யாத இரண்டு தண்டுகள்

அரசாங்கத்தில் ஒன்றைச் சேர்க்க ஒன்பது கையெழுத்து வேண்டும். கழற்ற ஒன்றே போதும். அந்த ஒன்றை நேசக்குமார் ஐயா ஒரு திங்கட்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்குப் போட்டார்.

ஐயா தூத்துக்குடி உப்பளச் சாலைகள் மேற்பார்வை அலுவலகத்தின் உதவி இயக்குநர். சாயர்புரம் கல்லூரிப் படிப்பு; சிக்கனம் என்றால் உயிர். "பயனற்றவை யாவும் உடனடியாகக் களையப்படல் வேண்டும்" என்று மேலிடத்துச் சுற்றறிக்கை வந்ததும், அலுவலகத்தில் பயனற்றது எது என்று தேடத் தொடங்கினார். ஆட்களில் தேடினால் அது எங்கே போய் முடியுமோ என்று யோசித்து, ஜீப்பில் தேடினார்.

ஜீப்போடு வந்த புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. என்ஜினின் அடிவயிற்றில் இரண்டு தண்டுகள். பேலன்ஸ் ஷாஃப்ட் என்று போட்டிருந்தது. ஐயா டிரைவர் நயினாரைக் கூப்பிட்டார்.

நயினார் முப்பத்தொரு வருடம் அரசு வண்டி ஓட்டியவர். ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம். தொட்டாலே நொறுங்கும் மக்ரூன் மிட்டாய்ப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் வண்டியில் மதுரை வரை போகலாம், ஒன்றுகூட உடையாது என்று ஊரில் பேச்சு. ஓய்வுக்குப் பிறகு சொந்தமாக டாக்ஸி ஓட்ட ஆசை. அதற்கு அவரிடம் இருந்தது அந்தப் பேரும் ஒரு லைசென்சும்தான்.

"நயினார், இந்த ரெண்டும் சக்கரத்தைச் சுத்த வைக்குதா?"

"இல்ல சார்."

"ஏசியை?"

"அதுவும் இல்ல சார். என்ஜின் ஒரு சுத்து சுத்துனா, இது ரெண்டு சுத்து சுத்தும். என்ஜின் உதறுத உதறலுக்கு இது எதிரா உதறி அமத்திப் போடும்."

"அதாவது, எல்லாரையும்விட ரெண்டு மடங்கு ஓடுது. ஆனா ஒரு வேலையும் செய்யல."

"அது இருக்கப்போயித்தான் உதறல் தெரியல சார்."

"நம்ம ஜீப்புல உதறல் இருக்கா?"

"இல்ல சார்."

"இல்லாத உதறலுக்கு எதுக்கு ரெண்டு தண்டு?"

நயினாருக்குப் பதில் தெரிந்திருந்தது. சொல்லும் பதவிதான் இல்லை.

மில்லர்புரத்தில் பொன்னுதுரை அண்ணாச்சியின் ஒர்க்‌ஷாப். நயினார் நீட்டிய உத்தரவை அவர் இரண்டு முறை வாசித்தார்.

"ரேஸ் ஓட்டுத பயலுவ கழத்துவானுவ. பவர் துளி கூடும். ஆனா வண்டி சாமி வந்த மாதிரில்லாவே ஆடும்! உமக்கு என்ன கிறுக்கா?"

"எனக்கு இல்ல அண்ணாச்சி. ஆர்டர்ல கையெழுத்தப் பாரும்."

பொன்னுதுரை பார்த்தார். தண்டுகளைக் கழற்றி, அவற்றுக்கு ஆயில் போகிற துளைகளை அடைத்து, வண்டியை மூடினார்.

மறுவாரம் ஐயா திருநெல்வேலியில் மேலதிகாரியைப் பார்க்கப் போனார். கூடவே ஒரு கிலோ மக்ரூன். அங்கே பெட்டியைத் திறந்தால் வெள்ளைவெளேரென்று மாவு. மேலதிகாரி ஒரு சிட்டிகை எடுத்து, இது பல்பொடியா என்று அன்போடு விசாரித்தார்.

நயினாரிடம் விளக்கம் கேட்கப்பட்டது.

"வண்டி ஆடுது சார். தண்டக் கழத்துனதுல இருந்துதான்."

"அந்தத் தண்டு வேலை செய்யலன்னு ஆர்டர் இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார்."

"வேலை செய்யாத ஒண்ணக் கழத்துனா எப்படி மாற்றம் வரும்? மாற்றம் வந்தா ஆர்டர் தப்புன்னு ஆகும். ஆர்டர்ல என் கையெழுத்து இருக்கு. அதனால வண்டி ஆட வாய்ப்பே இல்ல. ஸ்டியரிங்கப் புடிச்ச ஆளுதான் ஆடியிருக்கணும்."

நயினார் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டார்.

டாக்டர் பிளாரன்ஸ் நல்ல மனுஷி. நயினாரின் நீட்டிய கைமேல் ஒரு தாளை வைத்துப் பார்த்தார். தாள் அசையவில்லை. நடுக்கம் இல்லை என்று எழுதப் போனவர், அலுவலகக் கடிதத்தின் கடைசி வரியைப் பார்த்துவிட்டார்: "மேற்படி ஓட்டுநர் பணியிலிருக்கும் நிலையிலேயே பரிசோதிக்கப்படல் வேண்டும்."

இருவரும் வாசலுக்கு வந்து ஜீப்பில் ஏறினார்கள். நயினார் சாவியைத் திருகினார். கை ஆடியது, கன்னம் ஆடியது, மீசையும் ஆடியது. டாக்டரின் மூக்குக் கண்ணாடி நழுவி உதட்டுக்கு வந்தது.

"மேடம், நீங்களும் ஆடுதீங்களே!"

"என்னப் பரிசோதிக்கச் சொல்லி லெட்டர் வரலையே, நயினார்."

நடுக்கம் உண்டு என்று எழுதினார்.

அந்தத் தாள் பணிப்பதிவேட்டில் ஏறினால் லைசென்ஸ் போச்சு, டாக்ஸியும் போச்சு. நயினார் மனு கொடுத்தார்: மூன்று அதிகாரிகள் ஜீப்பில் தன்னோடு ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். சட்டத்தில் இடம் இருந்ததால் ஐயாவையும் சேர்த்து மூன்று பேர் வந்தார்கள். துறைமுகச் சாலையில் போய்த் திரும்பி இறங்கியபோது ஒருவருக்குக் கடைவாய்க் கட்டுப்பல் கழன்றிருந்தது.

குழு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு விவாதித்தது. நயினாருக்கு நோய் என்றால் நான்கு பேருக்கும் நோய். வண்டிக்கு நோய் என்றால் உத்தரவுக்கு நோய். இரண்டும் கூடாது. மாலையில் அறிக்கை வந்தது: "அரசுப் பணியின்போது உண்டாகும் நடுக்கம் பணியின் இயல்பே ஆகும்."

நயினார் பிழைத்தார்.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா? செக்போஸ்டில் போலீஸ்காரர், தூரத்தில் ஆடிக்கொண்டு வருகிற வண்டியைப் பார்த்தாலே சல்யூட் அடித்துத் தடுப்புக் கம்பைத் தூக்கினார். இறால் வியாபாரி ஒருவர் அதைக் கவனித்தார். மறுநாளே புதுக் காரைப் பொன்னுதுரையிடம் விட்டார். அடுத்த வாரம் வக்கீல், அதற்கடுத்து கல்யாண மாப்பிள்ளை. "ஆபீசர் ஆட்டம் வேணும் அண்ணாச்சி, கண்ணாடி கிடுகிடுங்கணும்." ஆடாத கார் வைத்திருந்தவர்களுக்குப் பெண் கொடுக்க யோசித்தார்கள்.

பொன்னுதுரையின் கொட்டகையில் தண்டுகள் விறகுபோலக் குவிந்தன. அலுவலகத்தில் கடற்காற்றுக்குக் கோப்புகள் பறப்பதாகப் புகார் வந்ததும், நேசக்குமார் ஐயா அவற்றில் இருபத்துநாலை வாங்கி மேஜைக்கு மேஜை வைத்தார். சிக்கன விருதுக்கு அவர் எழுதிய விண்ணப்பத்தில் ஒரு வரி: "வேலையற்றுக் கிடந்த தண்டுகள் பணியில் அமர்த்தப்பட்டன."

ஓய்வுக்கு மிச்சமிருந்த மாதங்களும் கழிந்தன. நயினார் மாலையோடு வீட்டுக்கு வந்து, டாக்ஸி எடுத்தார். முதல் சவாரி சாத்தான்குளத்துக்கு. பின்சீட்டில் ஏறிய தேவகனி டீச்சர் ஐந்து நிமிஷம் பொறுத்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, என்ஜினு ஓடுதா?"

"ஓடுது டீச்சர்."

"ஒண்ணுமே ஆடலையே. பவர் இல்லாத வண்டிய எங்க தலையில கட்டிட்டீயளா? நிப்பாட்டுங்க, நான் பஸ்ஸுல போறேன்."

அன்றைக்கு மூன்று சவாரியும் அப்படியே இறங்கிப் போயின. நயினார் நேரே மில்லர்புரத்துக்கு விட்டார். வாசலில் பதினேழு கார்கள் நின்றன.

"நீருமாவே?" என்றார் பொன்னுதுரை.

"கழத்திரும் அண்ணாச்சி."

"முறை வர்ற வரைக்கும் இரும். டீ குடியும்."

நயினார் பெஞ்சில் உட்கார்ந்து கிளாசை வாங்கினார். எந்த என்ஜினும் ஓடவில்லை. ஆனாலும் டீ தளும்பி விரலில் வழிந்தது. சட்டென்று கிளாசைக் கீழே வைத்துவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பினார். பெஞ்சில் வரிசையாக இருந்த பதினேழு பேரின் வேட்டியிலும் பேண்டிலும் டீ சிந்தியிருந்தது. ஒருவரும் நிமிரவில்லை.